பிரித்துக் கட்டிய கால்

அன்று சாயங்காலம் கம்போங் செட்டியில் அந்த வீட்டில் இருந்தவர்கள்: மாமியார் சாரதாம்பாள், அவள் மகள் தெய்வானை, மகன் ஜெயபாலன். உயிரோடு இருந்தவர்களில் வீட்டுக்காரர்கள் இவ்வளவுதான். அடுத்து, இலை போட்டு அழைத்ததால் வந்திருக்க வேண்டியவர்கள்: சாரதாம்பாளின் புருஷன் சுப்பையன், சுப்பையனைப் பெற்றவர்கள், ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத அவர் தம்பி, பெயர் வைப்பதற்குள் போய்விட்ட ஒரு பெண் குழந்தை, பெயர் மறந்துபோனவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஓர் இலை. கடைசியாக, அங்கே இருக்கவே கூடாத ஒருவன். அவன் தெய்வானையின் புருஷன், அந்த வீட்டு மருமகன் நல்லையா. அந்த நேரத்தில் அவன் ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில், சன்னலோரக் கட்டிலில், வலது காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் அவன் முழங்காலைத் திறந்து தைக்கப் போகிறார்கள்.

முழங்கால் போனது அந்த வருடம் பிப்ரவரியில், கிளேபாங் அணியோடு ஆடிய பந்தாட்டத்தில். யாரும் அவனை உதைக்கவில்லை. உதைத்திருந்தால் சபிப்பதற்காவது ஓர் ஆள் கிடைத்திருப்பான். முந்தின நாள் பெய்த மழையில் திடல் சேறாகிக் கிடந்தது. பந்தை வாங்கித் திரும்பினான். உடம்பு திரும்பியது, பூட்ஸ் சேற்றில் ஊன்றிக்கொண்டு திரும்ப மறுத்தது. நடுவில் மாட்டிக்கொண்ட மூட்டு விட்டுக்கொடுத்தது. பச்சை மூங்கிலை முறித்தது போல ஒரு சத்தம். கோல் கம்பத்தருகே நின்றவனுக்கே அது கேட்டதாம்.

ஜெயபாலன் உஜோங் பாசிரிலிருந்து மலாய்க்காரர் ஒருவரைக் கூட்டி வந்தான். எண்ணெய் போட்டு உருவுவதில் பேர் போனவர். வீக்கம் இறங்கியது. நடக்க வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அவனும் அதை நம்பித்தான் வேலைக்குப் போனான்.

அவன் வேலை மின்சாரக் கம்பம் ஏறுவது. பாதி உயரத்தில் காலைத் திருப்பி ஊன்றியபோது முழங்கால் தன்பாட்டுக்குப் பக்கவாட்டில் நழுவியது. இடுப்பு வார் தாங்கிக்கொண்டது. கீழே இருந்தவர்கள் ஏணி சாத்தி இறக்கும்வரை வௌவால் மாதிரித் தொங்கினான்.

கூட்டத்துக்கு மேஸ்திரியான மண்டோர் பொன்னையா ஏணியைப் பிடித்தபடியே சொன்னார்: “இனிமே நீ மேலே பார்க்கக்கூட வேணாம். நீ செத்தா எழுத்து வேலை பூரா எனக்குத்தான்.”

அதிலிருந்து அவன் கீழேதான். கயிறு பிடித்தான், கம்பிச் சுருளை உருட்டினான், மற்றவர்களுக்குத் தேநீர் வாங்கி வந்தான். ஏறத் தெரிந்தவனுக்குத்தான் லைன் கூட்டத்தில் இடம். ஏறாதவனை வருட முடிவு வரை வைத்திருப்பார்கள். அதற்குள் கால் சரியாகாவிட்டால் சீட்டுக் கிழியும். அவனுக்கு வேறு வேலை தெரியாது. பள்ளிக்கூடம் என்பது ரப்பர் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே அவன் கற்றுக்கொண்டது கையெழுத்துப் போடுவது மட்டும். மற்றதெல்லாம் கம்பத்தின்மேல் கற்றது.

சிங்கப்பூரிலிருந்து சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு வெள்ளைக்கார எலும்பு டாக்டர் வந்து போவார். அவர் நல்லையாவின் முழங்காலை மடக்கி, கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். மேசை இழுப்பறை மாதிரி அது முன்னால் வந்தது. வலியைவிட அதைப் பார்த்துத்தான் நல்லையா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் சொன்னதை டிரஸர் சேதுராமன் தமிழில் எடுத்துச் சொன்னார். கட்டுப் போடுவது, ஊசி போடுவது, நோயாளிகளைத் திட்டுவது மூன்றும் அவர் பொறுப்பு.

“மூட்டுக்குள்ளாற குறுக்கே ஒரு நாரு ஓடுது. அது அறுந்துபோச்சு. எண்ணெய் தேய்ச்சா ஒட்டுறதுக்கு அது என்ன ரப்பர் பாலா? தொடையோரத்துல ஒரு பட்டையை உரிச்சு, எலும்புல ஓட்டை போட்டு, உள்ளே கோத்து இழுத்துத் தைப்பாரு.”

“பொழைச்சுக்குவனாண்ணே?”

“கால்ல செய்யற ஆப்பரேஷனுக்கு ஏன்யா சாகறே? ஒழுங்கா இருந்தா மறுபடியும் கம்பம் ஏறலாம். பந்து மட்டும் வேணாம்.”

“பந்து யாருக்கு வேணும்?”

“போன தடவை ஒருத்தன் இப்படித்தான் சொன்னான். கட்டுப் பிரிச்ச மறுமாசமே திடல்ல நின்னான்.”

ஆனால் டாக்டர் உடனே கத்தியை எடுக்கவில்லை. அடிபட்ட காலின் தொடை சுண்டிப் போயிருந்தது. இப்படி ஒரு தொடையை வைத்துக்கொண்டு வந்தால் நான் தைப்பது நிற்காது, தொடையில் சதையை ஏற்றிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார். தெய்வானை மாவுச் சாக்கைக் கிழித்து ஒரு சின்னப் பை தைத்தாள். அதில் மணலை நிரப்பிக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, விடிவதற்கு முன்னாலும் வேலை விட்டு வந்த பின்னாலும் காலை நீட்டி நீட்டி இறக்கினான். வேர்வை சொட்டும்வரை செய்தான். அதற்குப் பிறகும் செய்தான்.

ஜெயபாலன் பேசிய தமிழ் சந்தையில் பொறுக்கியது. பல தலைமுறைக்கு முன்பே வந்து அங்கேயே கலந்துபோன செட்டி குடும்பங்களில் மற்றவர்களைப் போல அவனுக்கும் வீட்டில் மலாய்தான். ஆனாலும் கிண்டலுக்கு அந்தத் தமிழ் போதுமானதாக இருந்தது.

“மச்சான், அந்த மணலு குஞ்சு பொரிக்குமா? எப்பப் பார்த்தாலும் அது மேலயே கண்ணு.”

“பொரிச்சா உனக்கு ஒண்ணு தர்றேன், போடா.”

ஆகஸ்டில் டாக்டர் வந்து நாடாவால் தொடையை அளந்தார். தலையசைத்தார். பிறகு சேதுராமனிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

“உன்னைக் கடைசி ஆளாப் போட்டிருக்காரு” என்றார் சேதுராமன். “கடைசின்னா நெசமாவே கடைசி. மெர்டேக்கா வருதில்லே, சுதந்திரம், அவரு ஊருக்குக் கெளம்பறாரு. உன் காலைத் தைச்ச அன்னிக்கு மத்தியானமே இங்கேருந்து சிங்கப்பூருக்குக் காரு. அப்புறம் கப்பலு.”

“அவருக்குப் பதிலா?”

“யாராச்சும் வருவாங்க. எப்ப வருவாங்க, வர்றவனுக்கு மூட்டு தைக்கத் தெரியுமான்னு என்னைக் கேட்காதே. எனக்கும் தெரியாது, அனுப்பறவனுக்கும் தெரியாது.”

முழங்காலைத் திறப்பதற்கு முன்னால் காலைத் தயார் செய்வதற்கே சில நாட்கள் பிடித்தன. நல்லையாவை முன்கூட்டியே வார்டில் சேர்த்தார்கள். தொடையிலிருந்து கணுக்கால் வரை ரோமத்தை வழித்தார்கள். சேதுராமன் முகத்துணி கட்டிக்கொண்டு சோப்புப் போட்டுத் தேய்த்தார், ஸ்பிரிட்டால் துடைத்தார், அயோடின் பூசினார், கொதிநீராவியில் வேகவைத்த துண்டுகளைச் சுற்றி மேலே பேண்டேஜ் போட்டார். மறுநாள் பிரித்து மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தார். ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் காலையில் கடைசிக் கட்டைப் போட்டு முடித்து, முகத்துணியை இறக்கினார்.

“இனிமே இதைப் பிரிக்கறது தியேட்டருக்குள்ளதான். நீ தொடக்கூடாது, உன் பொண்டாட்டி தொடக்கூடாது, சாமியே விசிட்டிங் டைம்ல வந்தாலும் வெளியே நின்னு பார்த்துட்டுப் போகட்டும். மூட்டுக்குள்ள அழுக்கு போச்சுன்னா சீழ் வைக்கும். சீழ் வச்சா காலையே எடுக்கணும். வௌங்குதா?”

“வௌங்குதுண்ணே.”

“வௌங்குதுன்னு எல்லாரும்தான் சொல்றானுங்க.”

பார்வையாளர் நேரத்தில் சாரதாம்பாள் வந்தாள். முழங்கால்வரை தொங்கும் பாஜு பஞ்சாங் சட்டையும் சாரோங்குமாக, கொண்டையில் ஊசி செருகி, கோயிலுக்குப் போகிறவள் போலக் கிளம்பி வந்திருந்தாள். கூடவே தெய்வானையும் ஜெயபாலனும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்தாள். வீட்டில் பார்ச்சு வைத்திருக்கிறேன், வந்து கேட்டுவிட்டுப் போ என்றாள். செத்தவர்களுக்குச் சமைத்து இலை போட்டு அழைப்பதற்கு அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆண்டில் அதற்கென்று நாட்கள் உண்டு. இது இடையில் அவளாக வைத்தது.

“நீங்களே கேட்டுச் சொல்லக் கூடாதா அத்தை?”

“கத்திக்குப் போறவன் யாரு? நானா?” அவள் மலாயில்தான் பேசினாள். “உன் மாமனார் வேலை செய்யற இடத்திலேருந்து நேரா இங்கே வந்து படுத்தார். குடலிறக்கம்தானே, தச்சதும் திரும்பிடலாம்னார். யார்கிட்டயும் கேட்கலை. அந்த மூலைக் கட்டில்தான். வெள்ளைத் துணியில சுத்திக் கொடுத்தாங்க.”

அவள் அழவில்லை. மூலைக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு ஒரு சீனக் கிழவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவரைச் சற்று நேரம் பார்த்தாள், அவ்வளவுதான்.

நல்லையாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்றால், பகலில் இல்லை. ஆனால் அந்த வார்டில் படுத்ததிலிருந்து அவனுக்குப் பகலிலும் பயமாக இருந்தது. மயக்கம் கொடுத்த பிறகு எழுந்திருக்காமல் போனவர்களைப் பற்றி வார்டில் தினம் ஒரு கதை. தெய்வானை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷனை அபாங் என்றுதான் அழைப்பாள், அம்மாவை மாக் என்று.

“அபாங், ஒரு வாட்டி வந்து கும்பிட்டுட்டுப் போயிடுங்க. இல்லேன்னா நாளைக்கு மாக் வாசல்லயே உட்கார்ந்திருப்பாங்க. எனக்கும் மூச்சு வராது.”

“வார்டை விட்டு வெளியே போனவனை நேத்துதான் சிஸ்டர் பேரை வெட்டி வீட்டுக்கு அனுப்பினாங்க. தெரியுமா?”

“பார்த்தாத்தானே வெட்டுவாங்க” என்றான் ஜெயபாலன். “சமையக்கட்டுப் பக்கம் ஒரு கதவு இருக்கு. பெச்சா நிக்குது. டிரஸர் ஜுரம் பார்க்க வர்றதுக்குள்ள திரும்பிடலாம் லா, மச்சான்.”

போனான். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் தேட வேண்டாம். பயந்தவனுக்கு யாராவது ஒரு கதவைக் காட்டினால் போகிறான்.

மூன்று சக்கர மிதிவண்டியான பெச்சாவில் காலை நீட்டி, மேலே சாரோங்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். ஊர் முழுக்க மெர்டேக்கா ஏற்பாடு. முச்சந்தியில் மூங்கில் வளைவு கட்டி வண்ண பல்புகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுடைய கூட்டம்தான். மேலே இரண்டு பேர், கீழே பொன்னையா. வளைவின் உச்சியில் புதியவன் ஒருவன், நல்லையாவின் இடுப்பு வாரைக் கட்டிக்கொண்டு, ஒரு காலை மடக்கி மறுகாலை ஊன்றி ஆள்காட்டி விரலால் எதையோ சுட்டிக் கத்தினான். நல்லையா முகத்தைத் திருப்பிக்கொண்டான். கால் சரியாகட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்த ஒரு நினைப்பில்தான் அவன் இத்தனை மாதமும் ஓட்டினான்.

வீட்டு வாசலில்தான் அது நடந்தது.

இலை போட்டிருக்கும் வீட்டுக்குள் காலைக் கழுவாமல் யாரும் நுழைவதில்லை. படிக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சாடி, அதன்மேல் குவளை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் நல்லையா செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுவான். முன்னால் நிற்பவர் யாரோ அவர் தண்ணீர் ஊற்றுவார். அன்றும் செருப்பைக் கழற்றினான். ஜெயபாலன் தோளைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டினான். சாரதாம்பாள் மொண்டு ஊற்றினாள். ஒரு குவளை பாதத்தில் விழுந்தது. இரண்டாவது குவளையை, வழக்கம் போலவே, சற்று மேலேயிருந்து ஊற்றினாள்.

நாலு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. கட்டு கெண்டைக்கால்வரை நனைந்து கறுத்த பிறகுதான் தெய்வானை, “ஆயோ!” என்றாள்.

“தொடைச்சா போயிடும்” என்றான் ஜெயபாலன்.

“தொடாதே! தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“தொடாம எப்படித் தொடைக்கறது மச்சான்?”

நல்லையா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி வைத்துக்கொண்டான். ஈரம் துண்டுகளுக்குள் மெதுவாக மேலே ஏறுவது தெரிந்தது. இப்படியே போனால் சேதுராமன் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்தால் வெளியே போனது தெரியும். தெரிந்தால் சிஸ்டர் பெயரை வெட்டுவாள். அவன் மூளை அதற்குமேல் போகவில்லை. கிருமி, சீழ் எல்லாம் காதில் விழுந்த வார்த்தைகள். பெயரை வெட்டுவது கண்ணால் பார்த்தது.

“பிரி” என்றான்.

தெய்வானை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்துதான் பிரித்தாள். பேண்டேஜைச் சுருட்டி ஜெயபாலனிடம் கொடுத்தாள். நனைந்த துண்டுகளை எடுத்தாள். உள்ளே கால் வழவழவென்று, மஞ்சளும் பழுப்புமாக, யாருடைய காலோ போல இருந்தது.

சாரதாம்பாளின் முகம் அன்று முதன்முறையாகத் தெளிந்தது. “பாரு, அவங்களும் மஞ்சள்தான் பூசியிருக்காங்க” என்றாள். “தெரிஞ்சவங்கதான்.”

“அது மஞ்சள் இல்லே அத்தை, மருந்து.”

“மஞ்சளும் மருந்துதான்.” படையலிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து வந்து, சரியாக மூட்டின்மேல், டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்த அதே இடத்தில் வைத்துத் தேய்த்தாள். அவன் தடுக்கவில்லை. பிரித்தது பிரித்ததுதான், இனி திருநீறு பட்டால் என்ன, படாவிட்டால் என்ன என்று இருந்தது.

தெய்வானை அலமாரியிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுவந்தாள். சாமி பீடத்துக்கு விரிக்கும் துணி. துவைத்து, கஞ்சி போட்டு, பெட்டி போட்டு மடித்தது. அந்த வீட்டில் அதைவிடச் சுத்தமான பொருள் கிடையாது. துண்டுகளுக்குப் பதிலாக அதைச் சுற்றினாள். ஜெயபாலன் பேண்டேஜைச் சாம்பிராணிச் சட்டியின் நெருப்புக்கு மேலே விரித்துப் பிடித்து உலர்த்திக் கொடுத்தான். அவள் அதை ஒரு சுருக்கமில்லாமல் சுற்றி, ஊசியை முன்பு இருந்த இடத்திலேயே குத்தினாள். ஆஸ்பத்திரியில் போட்டதைவிட அழகாக இருந்தது.

“இப்ப யாரு கண்டுபிடிப்பான்?” என்றான் ஜெயபாலன்.

பிறகு கும்பிட்டார்கள். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, கோழி, மீன் சம்பால், குயே பலகாரம், பழங்கள், சுப்பையனின் இலைக்குப் பக்கத்தில் ஒரு சுருட்டும் சின்னக் கிளாஸில் பிராந்தியும். நல்லையா தரையில் உட்கார முடியாமல் நின்றபடியே கையெடுத்தான். செத்துப்போன செட்டிகளுக்குத் தமிழ் விளங்குமா என்று ஒரு கணம் தயங்கிவிட்டு, மலாயிலேயே கேட்டான்: நாளைக்குக் காலைத் திறக்கிறார்கள். போகலாமா?

சாரதாம்பாள் மட்டும் ஏதோ கேட்டவள் போலத் தலையாட்டினாள். செத்தவர்கள் சாப்பிடட்டும் என்று எல்லாரும் பின்கட்டுக்கு நகர்ந்தார்கள். அவனுக்கு மீதியைச் சாப்பிட நேரமில்லை. பெச்சா காத்திருந்தது.

சேதுராமன் ஜுரம் பார்க்க வந்தபோது அவன் கட்டிலில் படுத்திருந்தான். போர்வையை விலக்கிக் கட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தெர்மாமீட்டரை உதறினார்.

“கட்டு அப்படியே இருக்கா?”

“இருக்குண்ணே.”

“ஈரம் கீரம் பட்டிருந்தா இப்பவே சொல்லிடு. ராத்திரி நான் இங்கதான் இருக்கேன், மறுபடியும் தேய்ச்சுக் கட்டிடலாம். விடிஞ்சப்புறம் சொல்லிப் புண்ணியமில்லே.”

வாயைத் திறந்தால் போதும். சேதுராமன் திட்டுவார், கெட்ட வார்த்தையிலேயே திட்டுவார். அதற்குப் பிறகு வெந்நீர் கொண்டுவரச் சொல்வார். நல்லையாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சேதுராமன் அப்படிப்பட்ட ஆள்தான். ஆனால் அவன் கண்ணுக்கு வாசலருகே மேசையில் உட்கார்ந்திருந்த சிஸ்டர்தான் தெரிந்தாள், கையில் பேனாவோடு.

“ஒண்ணும் படலேண்ணே.”

“சரி, படு. பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது.”

போகும்போது சேதுராமன் மூக்கை உறிஞ்சினார். “யாருய்யா இங்கே சாமி கும்பிட்டது?” என்று பொதுவாகக் கேட்டார். மூலைக் கட்டில் சீனக் கிழவர் தன்னைத்தான் கேட்கிறார் என்று எண்ணி மலாயில் இல்லை, இல்லை என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சேதுராமனும் சிரித்துவிட்டுப் போனார்.

காலையில் ஊசி போட்டார்கள். நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியது. தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும்போது உத்தரங்கள் ஒவ்வொன்றாகத் தலைக்குமேல் நகர்ந்தன. வராந்தாவின் கோடியில் தெய்வானை நின்றாள். கை அசைத்தாள். அவன் முகத்தில் பயமில்லை என்று பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள். அது ஊசியின் வேலை.

தியேட்டருக்குள் குளிர்ந்தது. பெரிய விளக்கைப் போட்டார்கள். தியேட்டர் சிஸ்டர் கத்தரிக்கோலால் பேண்டேஜை மேலிருந்து கீழாக வெட்டினாள். பாதியில் நிறுத்திக் குனிந்தாள். அந்த அறையில் ஸ்பிரிட்டும் ஈதரும் மட்டுமே நாறும். அதன் நடுவே சாம்பிராணி வாசம், கல்யாண வீட்டில் போல, நிதானமாக எழுந்தது. துண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஓரத்தில் பூத்தையல் போட்ட துணி. அதை விலக்கினாள். மூட்டின்மேல் அயோடினோடு குழைந்து சாம்பல் திட்டு.

அவள் விலகி நின்றாள். டாக்டர் கழுவிக் கையுறை மாட்டிய கைகளை நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி வந்தார். பார்த்தார்.

“சியாப்பா புக்கா?” என்றார். யார் பிரித்தது என்று கேட்க அவருக்கு மலாய் தெரிந்திருந்தது.

“சாயா” என்றான் நல்லையா. நான்தான்.

டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை. நம்பாவிட்டாலும் ஒன்றுதான். முகத்துணிக்குமேல் தெரிந்த கண்களில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை, கோபம் தணியும் என்று காத்திருக்கலாம். சேதுராமன் இங்கிலீஷில் ஏதோ வேகமாகச் சொன்னார். மன்றாடுகிறார் என்பது குரலில் தெரிந்தது. டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். நீளமாகப் பேசினார். பிறகு கையுறையைக் கழற்றினார். ஒரு கையுறை உரிந்து வரும் சத்தம், பிறகு இன்னொன்று.

நல்லையாவின் பாதத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “சாரி” என்றார். அது இடது பாதம். சிஸ்டரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் கை குலுக்கினார். பக்கத்து அறையில் கோப்பைகளை எடுத்து வைக்கும் ஓசை கேட்டது. அவருக்கு வழியனுப்புத் தேநீர்.

“அண்ணே, என்ன சொன்னாரு?” நாக்கு புரளவில்லை.

சேதுராமன் வண்டியைத் திருப்பினார். “மூட்டைத் திறந்தா சீழ் வைக்கும்னாரு. தேய்ச்சுக் கட்டி ஒரு ராத்திரி விடணுமாம். ராத்திரிக்கு அவரு இங்க இல்லே.”

“மத்தியானம் வரைக்கும்...”

“நேத்தே சொல்லியிருந்தா தேய்ச்சுக் கட்டச் சொல்லிச் செஞ்சிருப்பேன்னாரு. அதையும் சொன்னாரு.” வண்டியைத் தள்ளுவதை நிறுத்தினார். “கட்டில்கிட்ட நின்னு கேட்டேனேய்யா. கேட்டேனா இல்லையா?”

“கேட்டீங்க.”

“வெந்நீர்தான்யா. வெந்நீரும் சோப்பும். அதுக்கு மேல என்ன வேணும்?” அவருக்குக் கெட்ட வார்த்தைகூட வரவில்லை.

“புதுசா வர்ற டாக்டரு...”

சேதுராமன் குனிந்து காலைப் பார்த்தார். வெட்டுப்பட்ட பேண்டேஜ் இருபுறமும் விரிந்து கிடக்க, கால் விளக்கின் கீழே வெறுமனே கிடந்தது. வழித்துத் தேய்த்து, மாதக்கணக்கில் மணல் தூக்கி ஏற்றிய தொடையோடு, எதற்கும் ஆகாமல். அவர் ஒரு போர்வையை எடுத்து அதன்மேல் போட்டார்.

வண்டி வாசலைத் தாண்டும்போது சக்கரம் தடுக்கி மூட்டு உள்ளே ஒருமுறை நழுவித் திரும்பியது. அவனுக்கு அது பழகிப்போன சங்கதி. வராந்தாவின் கோடியில் நின்றிருந்த தெய்வானை, இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று சிரித்த முகத்தோடு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். பின்னால் தியேட்டர் ஆள் பெரிய விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தான். இரண்டு கதவுகளையும் இழுத்துச் சேர்த்தான். சாவியைப் போட்டுப் பூட்டினான்.